முதல் பத்து நாட்கள்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் நர்ஸிங் படித்தவள். விழுப்புரத்தில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலமாக ஓராண்டுக்கு உகாண்டாவுக்குப் போயிருக்கிறாள். சம்பளம் கிடையாது. தங்க இடம், சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். "சம்பளமில்லாத வேலைக்கா கடல் தாண்டிப் போவாங்க?" என்று கண்டாச்சிபுரத்தில் கேட்காதவர்கள் பாக்கியில்லை. அவள் அம்மா அத்தனை பேருக்கும் பதில் சொல்லிச் சமாளித்தாள். ஆனால், பெண் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் ராத்திரி போன் வந்ததும், பாவம், அதைக் கையில் பிடித்தபடி நேரே என் வீட்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"பெரியம்மா, நான் திரும்பி வந்துடட்டுமா? ஒத்தாசை பண்ண வந்தவன்னு பேரு. கடைக்குப் போகத் தெரியல, பேசத் தெரியல. தண்ணி புடிக்கக்கூட பக்கத்து வீட்டுப் பொண்ணு கூட வரணும். என்னால இவங்களுக்குத்தான் தொந்தரவு" என்று அழுகிறாள்.

சட்டென்று என்ன சொல்வது? "இப்போ தூங்கு. நாளைக்கு உனக்கு ஒரு கதை சொல்றேன்" என்றேன். மறுநாள் அவளுக்குச் சொன்னதைத்தான் சகோதரிகளே, உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெயின்ஸ் என்று ஒரு சிற்றூர். நம் பக்கம் போலவே மல்லாட்டை விளைகிற பூமி. அங்கே மல்லாட்டைப் பண்ணை வைத்திருந்த குடும்பத்து அம்மாள் லில்லியன் கார்ட்டர். நர்ஸ் படிப்புப் படித்தவர். நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். 1953-ல் கணவர் காலமானார். 1966-ல், தமது 68-வது வயதில் (நம் வீடுகளில் அந்த வயசில் பாட்டியைக் கோயிலுக்குத் தனியாக அனுப்பவே யோசிப்போம்!), 'பீஸ் கோர்' என்னும் அமைதிப் படையில் சேர்ந்தார். ஆயுதம் தூக்குகிற படையல்ல. கென்னடி 1961-ல் தொடங்கிய தொண்டர் படை. அவரை அனுப்பிய இடம் நம் இந்தியா. பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலி, கோத்ரெஜ் தொழிற்சாலைக் குடியிருப்பு. மூத்த மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதியானது 1977-ல். அது பத்து வருஷம் கழித்து நடந்த சேதி. விக்ரோலிக்கு வந்தபோது அவர் வெறும் லில்லியன் அம்மாள்தான்.

வந்தவுடனே எல்லாம் நன்றாக நடந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. முதலில் கொடுத்தது குடும்பக் கட்டுப்பாட்டு வேலை. பாதி தெரிந்த பாஷையில் முன்பின் தெரியாத பெண்களிடம் பேசுகிற விஷயமா அது? அவருக்குப் பிடிக்கவேயில்லை. கூட்டமும் வறுமையும் கண்டு மனம் தவித்தது. ஊர் ஞாபகம் வேறு. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கடிதமாக எழுதினார். 1977-ல் அவை புத்தகமாகவே வந்தன. பிற்பாடு அங்கிருந்த மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாக நர்ஸ் வேலைக்கு மாறிய பிறகுதான் மனம் ஊன்றியது.

அங்கேயும் ஒரு சோதனை. தொழுநோய் கண்ட ஒரு சிறுமி வந்தபோது அந்த அம்மாள் முதலில் விலகிப் போனாராம். அதே குழந்தையிடம் பிறகு அவர் உயிராக இருந்ததை மகன் கார்ட்டர் ஒரு கவிதையில் சொல்லியிருக்கிறார். நர்ஸே விலகினாரா என்று நாம் அதிசயிக்க வேண்டாம். தொட்டாலே ஒட்டிக் கொள்ளும் என்ற பயம் நம் தெருக்களில் இன்னும் போகவில்லையே. தொட்ட மாத்திரத்தில் அது தொற்றாது. மருந்து ஆரம்பித்துவிட்டால் பரவுவதும் நின்றுவிடும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைகளை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்கள்.

ஆகஸ்ட் 15 அந்த அம்மாளின் பிறந்த நாள். 1968-ல் எழுபது வயது நிறைந்தபோது இங்கிருந்து எழுதிய கடிதத்தில், தன்னைப் பிறருக்குக் கொடுப்பதோடு அவர்கள் காட்டும் அன்பை வாங்கிக் கொள்வதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். எனக்கு அந்த 'வாங்கிக் கொள்வது'தான் மனசில் நின்றது. கொடுக்க நமக்குத் தெரியும். வாங்கிக் கொள்ளத்தான் கூச்சம்!

ஆகவே பெண்ணிடம் சொன்னேன்: "பத்து நாளைக்கு நீ யாருக்கும் ஒண்ணும் செய்ய வேணாம். தண்ணி புடிக்க அந்தப் பொண்ணு வந்தா கூடப் போ. அவ சொல்ற அஞ்சு வார்த்தையைக் கத்துக்க. சாப்பிடக் கூப்பிட்டா போய்ச் சாப்பிடு."

பயந்த மாதிரி சாப்பாடு அப்படியொன்றும் அந்நியமில்லை. மக்காச்சோள மாவில் கிண்டிய களிக்குப் 'போஷோ' என்று பெயர். வாழைக்காயை வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேக வைத்து மசிக்கிறார்கள், அது 'மட்டோக்கே'. தொட்டுக் கொள்ள மல்லாட்டைக் குழம்பு! பெரியவர்களைக் கண்டால் பெண்கள் மண்டியிட்டு வணக்கம் சொல்கிறார்களாம். முதல் நாள் இவள் பதறிப் போய்விட்டாள். 'வெபாலே' என்றால் நன்றி.

இப்படிப் பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஊறுகாய் பாட்டிலை அப்புறம் கட்டுங்கள். உகாண்டா மாதிரி நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகையால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். மலேரியாவுக்கு டாக்டர் சொல்கிற மாத்திரை, கொசுவலை இரண்டும் வேண்டும். ஊர் திரும்பிப் பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே போய் வந்தோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி போன். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். முதல் நாள் நடுராத்திரி பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டினாளாம். குழந்தைக்குப் பேதி. கையில் பாக்கெட் இல்லை. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, விடியும் வரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்திருக்கிறாள். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் மருத்துவமனையில் காட்டி, உப்புக் கரைசல் பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் வாங்கி வந்தார்களாம்.

"இன்னிக்கு அழலக்கா" என்றாள் அவள் அம்மா. "அஞ்சு நிமிஷம்கூடப் பேசல. அந்தக் கொழந்தையப் போயி பாக்கணுமாம்."