பஞ்சமி நிலமும் பிளாக்செயினும்

போன மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி மாடியில் நடந்த ‘பிளாக்செயின் அறிமுகக் கூட்ட’த்துக்கு எங்கள் காலனிப் பிள்ளைகள் நான்கு பேர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள், ஒருவர் பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர். இரண்டு மணி நேரமும் எந்தக் காயின் ஏறும், ஆள் சேர்த்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் பேச்சு. லாபத்தில் 30 விழுக்காடு வரி 2022 ஏப்ரலிலிருந்து உண்டு என்பதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. படியிறங்கும்போது பட்டறைத் தம்பி கேட்டார்: “அண்ணே, இதுல நமக்கு என்ன இருக்கு?”

இருக்கிறது. ஆனால் அதைக் காசிலிருந்து தொடங்கினால் பிடிபடாது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வெள்ளை அரசு உத்தரவிட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். ஆனால் நிலம் பறிபோனது துப்பாக்கியால் அல்ல, பேனாவால். பழைய பதிவேட்டில் இருந்த ‘டி.சி. நிபந்தனை’ என்ற குறிப்பு, யூ.டி.ஆர். காலத்தில் புதிய பதிவேட்டுக்கு மாற்றி எழுதும்போது எத்தனையோ ஊர்களில் ஏறவே இல்லை. நில மீட்புக்குப் போகிற தோழர்கள் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

பிளாக்செயின் வேலை செய்கிற இடம் இதுதான். எந்தக் கோப்பிலிருந்தும் ‘ஹாஷ்’ என்ற கைரேகையை எடுக்கலாம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். அந்தக் கைரேகையை, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் நகல் இருக்கும் ஒரு பேரேட்டில் தேதியோடு ஏற்றிவிட்டால், பிறகு எந்த அலுவலகத்திலும் யாரும் அதைத் திருத்த முடியாது.

அடுத்த ஞாயிறு நால்வரையும் உட்கார வைத்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் ஊருக்காக வாங்கிய பழைய பதிவேட்டு நகலை ஸ்கேன் செய்தோம். ‘ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ்’ என்ற இலவசக் கருவி அதன் கைரேகையை மட்டும் பிட்காயின் சங்கிலியில் ஏற்றுகிறது. கோப்பு நம் கையை விட்டுப் போகாது, காயின் வாங்கவும் வேண்டாம். சில மணி நேரத்தில் உறுதியாகிவிட்டது. பட்டறைத் தம்பி வேண்டுமென்றே ஒரு சர்வே எண்ணை மாற்றிச் சோதித்தார். ஒத்துப்போகவில்லை என்று வந்ததும் அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் இதை ஏற்றிப் பேசவும் கூடாது. இந்தத் தாள் இந்தத் தேதியில் இப்படித்தான் இருந்தது என்று மட்டுமே அது சொல்லும். தாளில் எழுதியது உண்மையா என்று சொல்லாது. சான்றிட்ட நகல் கையில் இருந்தே ஆக வேண்டும். ஆனாலும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் எழுதச் சொல்கிறார்கள். நம் வழக்கறிஞர் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசும் 2020இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. ‘நம்பிக்கை இணையம்’ என்றொரு கட்டமைப்பும் வைத்திருக்கிறது. நாளை நிலப் பதிவேடுகள் முழுவதும் இப்படிச் சங்கிலியில் ஏறலாம். எந்தப் பதிவேடு ஏறும்? குறிப்பு விடுபட்ட இன்றைய பதிவேடே ஏறினால், திருட்டுக்கு அழியாத முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு, பஞ்சமி நிபந்தனையை மீட்டெழுதிய பிறகே ஏற்ற வேண்டும் என்று நாம் இப்போதே கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையை எழுத ஹாஷ் என்றால் என்னவென்று தெரிந்த ஆள் வேண்டும், அ-பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

எங்களிடம் இப்போது நால்வர் இருக்கிறார்கள். வேடசந்தூர் பக்கத்து ஊர் ஒன்றின் நகலுக்கு மனு போட்டிருக்கிறோம்.