பத்து, எட்டு, பத்து

காற்று இலவசமாகக் கிடைக்கும் வஸ்து என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். மாஸ்தா ஆர்.எக்ஸ்.7 என்னும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக் காப்பாற்றும் ஒருவரிடம் போய் இந்த அபிப்பிராயத்தைச் சொல்லிப் பாருங்கள். பதில் சொல்லாமல் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சும் காற்றுதான்!

நான் குறிப்பிடுவது ஹிரோஷிமா நகரத்தில் 1991-ம் வருஷம் முதல் 2002-ம் வருஷம் வரையில் உற்பத்தியான மூன்றாவது தலைமுறை வண்டியை. அதன் எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. அதற்குப் பதிலாக முக்கோண வடிவமான இரண்டு உருளைகள் சுழலுகின்றன. எஞ்சினின் கொள்ளளவு 1,308 கன சென்டிமீட்டர். சாதாரணக் குடும்ப வண்டிக்குரிய அளவுதான். ஆனால், அது ஆரம்பத்தில் தந்த சக்தியோ 255 குதிரைகள்! இந்த அதிசயத்தில் பெரும் பங்கு 'டர்போ' என்ற சாதனத்தைச் சேர்ந்தது. எஞ்சினை விட்டு வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மாட்டியுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கிறது. காற்று அதிகமானால் அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகமாக எரியும், சக்தியும் பெருகும். வீணாய்ப் போகிற புகையை வேலை வாங்கும் இந்த யுக்திக்கு ஆல்பிரட் பூஹி என்னும் ஸ்விட்ஜர்லாந்து எஞ்சினீயர் 1905-லேயே பேட்டண்ட் பெற்றார்.

ஆர்.எக்ஸ்.7-ல் டர்போ ஒன்றல்ல, இரண்டு. அண்ணன், தம்பி என்று வைத்துக்கொள்வோமே. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகை கொஞ்சமாகத்தான் வரும். அதை இருவருக்கும் பங்கிட்டால் இருவருமே சோம்பிக் கிடப்பார்கள். ஆகையால் முழுவதையும் அண்ணனுக்கே கொடுத்துவிடுகிறது வண்டி. நிமிஷத்துக்குச் சுமார் 4,500 சுற்று வந்ததும் தம்பியும் வேலையில் சேர்ந்துகொள்கிறான். திடீரென்று எழுப்பினால் தடுமாறுவான் அல்லவா? ஆகவே, சற்று முன்னதாகவே கொஞ்சம் புகையை அவன் பக்கம் விட்டு, அவனைச் சுழலச் செய்து தயாராக வைத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் அவன் தள்ளும் காற்று எஞ்சினுக்குப் போகாமல் ஒரு வால்வு வழியாக விலகிப் போய்விடும்.

இந்த ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்பதை மூன்று எண்கள் தெரிவிக்கும். முதலில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பத்து ராத்தல், தம்பி வந்து சேரும் தருணத்தில் ஒரு கணம் எட்டாக இறங்கும், மறுபடியும் பத்து. இந்த வண்டிக்காரர்கள் 'பத்து, எட்டு, பத்து' என்று வாய்ப்பாடு போல் ஒப்பிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த அழுத்தத்தைக் காட்டும் மானியைக் கம்பெனியார் ஆரம்ப வருஷங்களின் வண்டிகளில் வைக்கவேயில்லை. ஆகையால் "வண்டி முன்போல் இழுக்கவில்லை" என்று குறை கூறுபவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு மானியை வாங்கிப் பொருத்துவதுதான். அது இல்லாமல் டர்போவையே மாற்றச் சொல்லுகிற மெக்கானிக், பையனுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று பாராமலே "மூளை போதாது" என்று தீர்ப்புச் சொல்லும் உபாத்தியாயரின் இனத்தைச் சேர்ந்தவர்.

மானியின் முள் சொல்லுவதைப் பொறுமையுடன் படித்தால் பாதி நோய் விளங்கிவிடும். ஆரம்பத்தில் அழுத்தம் பத்தை எட்டாமல், 4,500 சுற்றுக்கு மேல் மட்டும் வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தால், புகையை அண்ணனுக்கென்று ஒதுக்க வேண்டிய கதவு மூடாமல் நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். முதல் பத்து ஒழுங்காக வந்து, பிறகு முள் நாலு ஐந்துக்கு விழுந்து நொண்டினால் தம்பி வந்து சேரவில்லை. காற்றை விலக்கும் வால்வு மூடவில்லை, அல்லது எஞ்சினுக்குப் போகும் வழி திறக்கவில்லை. இரண்டு கட்டத்திலும் ஒரே சீராகக் குறைந்தால் காற்றுக் குளிர்விப்பானுக்குப் போய்வரும் பெரிய ரப்பர் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். புகைக்குழாயிலுள்ள கேடலிடிக் கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். இன்னும் ஒரு விசித்திரமும் உண்டு: மிதித்தவுடன் நன்றாக இழுத்து, சில விநாடிகளில் ஓய்ந்து போவது. வால்வுகளில் சிலவற்றை இழுத்துப் பிடிப்பது வெற்றிட சக்தி. அழுத்தம் ஏறியிருக்கும்போது எஞ்சினில் வெற்றிடம் இராது. முன்பே ஒரு சிறு தொட்டியில் சேமித்ததைக் கொண்டு காலட்சேபம் செய்ய வேண்டும். அதைக் காக்கும் ஒருவழி வால்வு கசிந்தால் சேமிப்புக் கரைந்து பிடி தளர்ந்துவிடுகிறது. அந்த வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே போதும். ஒரு பக்கம் போக வேண்டும்; மறு பக்கம் போகக் கூடாது.

நிற்க. இத்தனை கதவுகளையும் திறந்து மூடுவதற்குக் கம்ப்யூட்டர் கட்டளையிடுகிறது. மின்சார வால்வுகள் அதை ஏற்று, சுண்டுவிரலினும் மெல்லிய பல டஜன் ரப்பர்க் குழாய்கள் மூலமாகக் காற்றை அனுப்புகின்றன. பின்னிப் பிணைந்து கிடக்கும் இந்தக் கும்பலுக்கு 'எலிக்கூடு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பெயர்! சுழலும் உருளை எஞ்சினின் புகை மிகவும் உஷ்ணமானது. அந்த உஷ்ணத்தில் வருஷக் கணக்காக வெந்த ரப்பர் மரம்போல் இறுகி, முனையில் வெடித்து, தொட்டால் ஒடிந்து விழும். டர்போவின் பேரில் சுமத்தப்படும் குற்றங்களில் பலவற்றுக்கு உண்மைக் குற்றவாளி சொற்ப விலையுள்ள இந்தக் குழாய்தான்.

பரீட்சை செய்வதும் கஷ்டமல்ல. எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று நுழையும் வாயை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, இணைப்புகளின்மேல் சவுக்கார நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். கைப் பம்பினால் வெற்றிடம் கொடுத்தால் அதற்குரிய வால்வின் தண்டு அசைந்து, அசைந்த நிலையிலேயே நிற்க வேண்டும். நீலப் புகை கண்டு டர்போவின் எண்ணெய்ச் சீல் போயிற்று என்று முடிவு கட்டுவதில் மட்டும் நிதானம் தேவை. இந்த எஞ்சின் தன் உள்ளுறுப்புகளுக்காகக் கொஞ்சம் எண்ணெயைத் தானே எரிக்கும் சுபாவமுடையது.

அழுத்தம் குறைவதால் மனச் சங்கடமே ஒழிய வண்டிக்கு உயிர்ச் சேதம் இல்லை. அதிகமானால்தான் ஆபத்து. முக்கோண உருளையின் முனைகளில் 2 மில்லிமீட்டர் கனமுள்ள சீல்கள் இருக்கின்றன. காற்று அளவுக்கு மீறினால் பெட்ரோல் அகாலத்தில் வெடித்து, அந்தச் சீல்களை ஒடித்துவிடும். அப்புறம் எஞ்சினையே பிரித்துக் கட்ட வேண்டியதுதான். அதிகப்படிப் புகையை வெளியே விடும் கதவுக்குச் செய்தி கொண்டுபோகும் குழாய் கழன்றால் இந்த விபரீதம் நேரும். பழைய புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, தடையில்லாத பெரிய குழாயை மாட்டுகிறவர்களுக்கும் இதுவே நேருவதுண்டு. கம்பெனி வைத்த சிறு கதவு அவ்வளவு புகையைச் சமாளிக்க முடிவதில்லை. முள் பன்னிரண்டைத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். மானி கோளாறாக இருக்கும் என்று இன்னொரு முறை மிதித்துப் பார்க்கும் தைரியம் வேண்டவே வேண்டாம்.

இந்தச் சிக்கலுக்குப் பயந்து பலர் எலிக்கூட்டையே பிடுங்கி எறிந்து, அண்ணன் தம்பி இருவரையும் எப்போதும் சேர்ந்தே சுழலும்படி செய்துவிட்டார்கள். ரிப்பேர் குறைந்தது வாஸ்தவம். ஆனால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது வண்டிக்கு இருந்த அந்தச் சுறுசுறுப்பும் அதோடு போயிற்று. எனக்கென்னவோ அது நஷ்டமாகவே படுகிறது.

குழாய்களைப் புதிதாக மாற்ற உத்தேசித்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகைக் கதவுகளுக்குப் போகும் குழாய்களின் உள்ளே, நடுவில் துளையிட்ட மாத்திரை போன்ற சிறு உலோகத் துண்டுகள் செருகியிருக்கும். காற்றின் வேகத்தை மட்டுப்படுத்துவது அவைதான். பழைய குழாயைக் குப்பையில் போடுமுன் அவற்றை எடுத்துப் புதிய குழாயில் செருக வேண்டும். மறந்துவிட்டால், எல்லாம் புதிதாயிருந்தும் முள் பத்துக்கு வராது.