"கடலோரத்துல ஏன் வீடு கட்டினீங்க?" என்று கேட்பவர்களுக்கு நம் பதில்



ஒவ்வொரு புயலுக்கும் இது நடக்கிறது. அலையில் சரிந்த மீனவர் வீட்டுப் படம் ஒன்று வரும். அரை மணி நேரத்தில் கீழே ஒருத்தர் வந்து கேட்பார்: "கடலோரத்துல ஏன் வீடு கட்டினீங்க?" கோபப்பட்டு விட்டுப் போகாதீங்க. இந்தப் பதிலைச் சொல்லுங்க.

ஒன்று. பல ஊர்களில் வீடு கடலைத் தேடிப் போகவில்லை. கடல்தான் வீட்டைத் தேடி வந்தது. தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தை அளந்தது. தமிழ்நாட்டின் 991 கி.மீ. கரையில் சுமார் 423 கி.மீ. அரிப்பில் இருக்கிறது. நூற்றுக்கு 43 பங்கு!

ஏன் அரிக்கிறது? நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. குறுக்கே துறைமுகச் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு மெரினா அகலமானது, ராயபுரம் தேய்ந்தது. நூறு வருடம் கழித்தும் பாடம் படிக்கவில்லை. 1980களின் இறுதியில் வந்த புதுச்சேரி துறைமுகத்துக்கு வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் மக்களிடம் போய்க் கேளுங்கள், மணல் எங்கே போச்சு என்று.

அந்த மணல்தான் மீனவர் வீட்டுக்கு மதில். புயல் கரையை நெருங்கும்போது காற்று கடலைக் கரை மேல் தள்ளுகிறது. நீர்மட்டமே உயர்கிறது, அதற்கு மேல் அலை அடிக்கிறது. ஒரு கனமீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் அதிகம். அகலமான மணல்வெளி இருந்தால் அலை அங்கேயே உடைந்து வேகம் இழக்கும். மணல் இல்லை என்றால் நேராகச் சுவரில் மோதும், அடிமண்ணைத் தோண்டி எடுக்கும். அஸ்திவாரம் அந்தரத்தில் தொங்கினால் கான்கிரீட் வீடும் விழும். கல் கொட்டித் தடுக்கலாமே என்பார்கள். ஓர் ஊரில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும், அவ்வளவுதான்.

இரண்டு. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல் எதுவரை வந்து அழிக்கக்கூடும் என்பதைக் காட்டும் ஆபத்துக் கோட்டை வரையச் சொன்னது. 2019-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த புதிய அறிவிக்கை, அந்தக் கோடு பேரிடர்த் திட்டமிடலுக்கு மட்டும்தான், கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த அல்ல என்று சொல்லிவிட்டது. கோடு இருக்கு, பல்லைப் பிடுங்கிட்டாங்க!

மக்கள் நெருக்கமான கிராமக் கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடையும் 50 மீட்டராகச் சுருங்கியது. கடற்கரையிலேயே தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் அனுமதி. "மீனவர் வீடு கட்டத்தான் குறைச்சோம்" என்பார்கள். நம்பாதீங்க. பாரம்பரியக் கடலோர மக்கள் 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்டிக்கொள்ள 2011 விதியே இடம் தந்திருந்தது.

மூன்று. வீடு போன பிறகு என்ன கிடைக்கிறது? 2022–26 பேரிடர் நிவாரண விதிப்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பாதி இடிந்த காரை வீட்டுக்கு 6,500 ரூபாய். ஒரு பக்கச் சுவரையாவது இந்தப் பணத்தில் எழுப்ப முடியுமா, சொல்லுங்க!

இன்னொரு கொடுமை. அந்த விதி ஏற்கும் 12 பேரிடர்களில் புயல் உண்டு, சுனாமி உண்டு, பனிப்பாறைச் சரிவுகூட உண்டு. கடலரிப்பு இல்லை. வீடு புயலன்று விழுந்தால் நிவாரணம். புயல் பேர் இல்லாத ஒரு நாளில், அரித்து அரித்து விழுந்தால் கையை விரிப்பார்கள். அரிப்பைத் தடுக்க 1,500 கோடி, இடம்பெயர்ந்தோர் மறுவாழ்வுக்கு 1,000 கோடி என்று 15-வது நிதிக்குழுவே பரிந்துரைத்தது. பரிந்துரைத்த நிதி நம் குப்பங்களுக்கு வந்து சேர்ந்ததா?

"அப்படின்னா ஊரைக் காலி பண்ணுங்க" என்பதுதான் அடுத்த குரல். இதில் மாநில அரசுகளும் உத்தமர்கள் இல்லை. சுனாமிக்குப் பிறகு சென்னைக் கரையோர மக்களைச் சுமார் 20 கி.மீ. தள்ளி செம்மஞ்சேரியில் கொண்டுபோய் வைத்தார்கள். கடல் இங்கே, படகு இங்கே, வலை இங்கே. விடியற்காலை இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவர் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? மீனவர் எழுந்த இடத்தில் கட்டடமும் கடைகளும் வந்து உட்காருவதற்குப் பெயர் பாதுகாப்பா?

நம் கோரிக்கைகள் நான்கு:

• ஆபத்துக் கோட்டுக்குச் சட்ட வலு கொடு. அதற்குள் புதிய வணிகக் கட்டுமானங்களுக்கு அனுமதி தராதே.
• கடலரிப்பைப் பேரிடராக அறிவி. வீட்டுக்கான நிவாரணத்தை இன்றைய கட்டுமானச் செலவுக்கு ஏற்ப உயர்த்து.
• துறைமுகங்கள் தடுத்து வைத்திருக்கும் மணலை, அவற்றின் செலவிலேயே வடக்குக் கரைக்குக் கொண்டுவந்து சேர்.
• வீடு மாற்றித்தான் ஆகணும் என்றால், ஊர் மக்கள் சம்மதத்தோடு, அதே ஊரில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் கொடு. காலியான கரை மீனவர் பொதுநிலமாகவே இருக்கட்டும்.

கடலோர மாவட்டத் தோழர்களே, உங்கள் ஊர்க் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தை இந்த வாரமே கேட்டு வாங்குங்க. வீடுகள், வலை காயவைக்கும் இடம், படகு நிறுத்தும் இடம் எல்லாம் அதில் இருக்கிறதா பாருங்க. விட்டுப்போயிருந்தால் கிராமசபையில் தீர்மானம் போடுங்க. வரைபடத்தில் இல்லாத குப்பத்தை, நாளைக்கு "இங்கே யாருமே இல்லையே" என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த தடவை யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், நாம் திருப்பிக் கேட்போம்: மீனவன் வீட்டு வாசல்ல இருந்த மணலை எடுத்தது யாரு?

பகிருங்கள்! கரையோரம் முழுக்கக் கொண்டு சேருங்கள்!

#கடலரிப்பும்_பேரிடரே
#கரை_மீனவர்_உரிமை