கம்பியில்லா வீட்டுக்கு ஒரு கம்பி

சோனி நிறுவனம் 2024 நவம்பர் 7ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5 புரோ என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அமெரிக்காவில் விலை சுமார் 700 டாலர். அங்கே வாங்கினார்கள், ஜப்பானில் வாங்கினார்கள். பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முறையாக வாங்க முடியவில்லை. காரணம் விலை அல்ல, சுங்க வரியும் அல்ல. கருவிக்குள் இருக்கும் வைஃபை 7 வசதி 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்தும். இந்தியாவில் அதற்கு அப்போது அனுமதி இல்லை, ஆகவே அங்கே விற்கவில்லை என்று சோனியே சொல்லிவிட்டது.

இதில் வேடிக்கை, வைஃபை சில்லுகளுக்குப் பேர்போன பிராட்காம், குவால்காம் இரண்டுக்குமே பெங்களூரில் பெரிய பொறியியல் மையங்கள் உண்டு. பகலெல்லாம் அடுத்த தலைமுறை வயர்லெஸ்ஸோடு மல்லாடிவிட்டு வீடு திரும்பும் எஞ்சினியருக்கு, அந்த வயர்லெஸ் உள்ள விளையாட்டுப் பெட்டியை மகனுக்கு வாங்கித்தர அன்று வழியில்லை.

காற்றில் போகும் அலைக்கு அரசாங்கத்திடம் அனுமதி கேட்பது நமக்குப் புதிதல்ல. ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே தபாலாபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. வைஃபைக்கும் கதவு மெல்லத்தான் திறந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வீட்டுக்கு உள்ளும் வெளியும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பு 2005 ஜனவரியில் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகக் கிடைக்க 2018 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 6 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 2020லேயே 1,200 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்கு விட்டுவிட்டது. இங்கே செல்போன் நிறுவனங்கள் அது தங்களுக்கு வேண்டும் என்றன. ஏலம் போட்டால் கஜானாவுக்கும் வருமானம் வரும். கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸை மட்டும் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம் என்ற வரைவு விதிகளை அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது.

ஆனால் புரோ கிடைக்காத வீடுகள் பெரிதாக எதையோ இழந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 2021 பிப்ரவரி 2 முதல் இந்தியாவில் விற்கும் சாதாரண பிளேஸ்டேஷன் 5இன் வைஃபையே வீட்டுக்குப் போதும். பையன் கண்ட்ரோலரை சோபாவில் வீசிவிட்டு "லேக் அடிக்குதுப்பா" என்று கத்துவதற்கும் வைஃபையின் தலைமுறைக்கும் சம்பந்தம் குறைவு. உடனே அப்பா போனை எடுத்து 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கச் சொல்கிறார். மாதாமாதம் பில் ஏறுகிறது. லேக் அப்படியே இருக்கிறது.

ஏனென்றால் விளையாட்டுக்கு வேண்டியது வேகமல்ல, நேரந்தவறாமை. விளையாட்டைத் தரவிறக்க வேகம் வேண்டும். விளையாடும்போது ஓடும் தகவலோ ஒரு சினிமா பார்ப்பதற்கு ஆவதில் சிறு பங்குதான். அந்தச் சிறு பொட்டலங்கள் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. விளையாட்டின் சர்வர் மும்பையில் இருந்தால் அதிர்ஷ்டம். சிங்கப்பூரில் இருந்தால், பெங்களூர்ப் பையன் சுட்ட தோட்டா சென்னை போய்க் கடலில் இறங்கவேண்டும். 2002இல் போடப்பட்ட ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லிசெகண்ட். திரையில் நொடிக்கு 60 காட்சிகள் ஓடினால், அதற்குள் இரண்டு காட்சி கடந்துவிட்டது. இதை எந்த 300 எம்பிபிஎஸ்ஸும் குறைக்காது. இயற்பியல் சலுகை தருவதில்லை.

கடலை ஒன்றும் செய்ய முடியாது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவரைச் செய்யலாம். பொமனஹள்ளி, மாரத்தஹள்ளி பக்கத்து அடுக்ககங்களில் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அண்டைவீட்டார் பெயரெல்லாம் வரிசையாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அத்தனை வீடும் இந்த மூன்றில்தான் முட்டிமோத வேண்டும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு. ஆனால் கான்கிரீட் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2013இல் வெளியான முதல் பிளேஸ்டேஷன் 4க்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாது என்பதைப் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் கவனிக்கவும். போதாக்குறைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அம்மா ஆபீஸ் ஃபைலை மேலேற்றினால், ரூட்டரில் வரிசை நீண்டு விளையாட்டின் பொட்டலம் கடைசியில் நிற்கும்.

மருந்து மலிவானது. ரூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு லேன் கேபிள். 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். மாதக்கணக்கில் அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கும் பெங்களூர் வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டார், வாஸ்தவம். தட்டைக் கேபிளைச் சுவரோரமாக, கதவிடுக்கு வழியாக ஓட்டலாம். அதுவும் முடியாதென்றால், செருப்பு அலமாரிக்குள் ஒளித்துவைத்த ரூட்டரை வெளியே எடுத்து, பெட்டி இருக்கும் அறைக்குக் கொண்டுபோகலாம். பெங்களூர் பிஜி விடுதிகளில் தங்கும் நம் பையன்கள் பாடுதான் திண்டாட்டம். பல விடுதி வைஃபைகளில் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து பாஸ்வேர்டு தட்டினால்தான் வழிவிடும். விளையாட்டுப் பெட்டிகள் இந்தச் சடங்குக்குச் சுலபத்தில் பணியாது. கடைசியில் போன் ஹாட்ஸ்பாட்டே கதி.

கேபிள் போட்டபிறகும் ஒரு முட்டுக்கட்டை மிஞ்சலாம். விளையாட்டு ஓடும், நண்பனோடு மட்டும் சேர முடியாது, குரலும் கேட்காது. பெட்டியின் நெட்வொர்க் சோதனையில் 'நாட் டைப் 3' என்றோ 'ஸ்டிரிக்ட்' என்றோ வரும். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசியாவுக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. எனவே பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே முகவரியைக் கொடுத்துச் சமாளிக்கின்றன. கேட்டில் வாட்ச்மேன் நிற்கும் அடுக்ககம் மாதிரி: உள்ளேயிருந்து போனவருக்குப் பதில் வந்தால் விடுவார், வெளியாள் தானாக வந்தால் எந்த வீடென்று தெரியாமல் திருப்பியனுப்புவார். உங்கள் ரூட்டர் ஒரு வாட்ச்மேன். அவரை யுபிஎன்பி என்ற அமைப்பை இயக்கிச் சரிக்கட்டலாம். இன்னொருவர் நிறுவனத்தின் வாசலில் நிற்கிறார். அவர் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார். தனி முகவரி தருவார்களா, அதற்கு மாதம் எவ்வளவு என்பதை இணைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை எம்பிபிஎஸ் என்பதை அவர்களே சொல்வார்கள்.