சுற்றிப் பார்த்தது போதும், தங்கிப் படிக்கட்டும்

பள்ளிக்கல்வித் துறையின் சிறார் திரைப்பட விழாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்கள் 2023இல் ஜப்பானுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். மறு ஆண்டு, நான் முதல்வன் திட்டத்தில் தேர்வான கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்த்துவந்த ஒன்று அரசுப் பள்ளி வகுப்பறைக்கும் வந்தது நல்ல காரியம். ஆனால் விடுதி, பேருந்து, குழுப்படம் என்று முடிகிற பயணத்தில் பிள்ளைகள் ஊரைப் பார்க்கிறார்களே தவிர, அந்த ஊரில் வாழ்ந்து பார்ப்பதில்லை. அடுத்த கட்டமாக, கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்க வேண்டும். அதையும் சென்னையில் தொடங்காமல், பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு போன்ற மீனவ ஊர்களில் தொடங்க வேண்டும்.

ஏன் தோணிரேவு? அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஜப்பானில் கற்க வேண்டியதும் இருக்கிறது, சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் மூடுவது இங்கே நெடுங்காலத் தலைவலி. கடல்நீர் வரத்து நின்றால் இறாலும் மீனும் உள்ளே வராது. ஏரியை நம்பிய வீடுகளில் உலை கொதிப்பது அந்த வாயைப் பொறுத்தது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள சரோமா ஏரிக்கும் இதே பிரச்சினை இருந்தது. மணல் அடைத்துக்கொள்ளும், ஊரார் கூடி வெட்டித் திறப்பார்கள். 1929இல் வேறொரு இடத்தில் புதிய வாய் வெட்டப்பட்டது. இன்று அந்த ஏரி ஸ்கேலப் சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. அங்கே படகோட்டும் ஒரு வீட்டில் நம் ஊர்ப் பெண்ணோ பையனோ ஒரு மாதம் தங்கினால் எதைக் கேட்பார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழவேற்காட்டு மீனவ ஊர்கள் சிலவற்றில் ‘பாடு’ முறை உண்டு: யார், எந்த நாள், எங்கே வலை வைப்பது என்று முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு. அதில் எல்லோருக்கும் இடமில்லை என்ற சண்டையும் பழையதுதான். ஜப்பானில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் கரையோர மீன்பிடி உரிமையை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பேசத் தகுதி, ஏரிக்கரையில் வளர்ந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நம்மில் பலரைவிட அதிகம்.

காலமும் ஒத்துவருகிறது. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில்தான். நம் பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை என்றால் அங்கே வகுப்புகள் மும்முரமாக நடக்கும். வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து பள்ளிக்கே போகலாம். அங்கே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பது மாணவர் வேலை. வீட்டுக்கு வந்தால் செருப்பு வாசலோடு சரி. அது நமக்குப் பழக்கம்தான். குளியல்தான் திகைக்க வைக்கும். தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வெந்நீரில் இறங்க வேண்டும். அதே நீரில் வீட்டார் ஒவ்வொருவராக இறங்குவார்கள். இதையெல்லாம் விடுதியறை கற்றுத்தராது.

‘குடிநீருக்கும் பேருந்துக்கும் அல்லாடும் ஊருக்கு ஜப்பான் ஒரு கேடா?’ என்று கேட்பார்கள். குடிநீர் அரசின் கடமை. அதைக் காட்டி இதை மறுப்பது, ஏழைப் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று அளந்துபோடும் புத்தி. பெற்றோரின் பயம் வேறு, அது நியாயமானது. பெண் பிள்ளையை முன்பின் தெரியாத வீட்டில் எப்படி விடுவது? அனுப்பும் குடும்பமும் ஏற்கும் குடும்பமும் முன்கூட்டியே காணொளியில் பேச வேண்டும். இருவர் இருவராக அனுப்ப வேண்டும். அருகிலேயே ஓர் ஆசிரியை தங்க வேண்டும். ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகள் பல பத்தாண்டுகளாகக் குடும்பங்களைத் தேர்ந்து இப்படி மாணவர்களைத் தங்கவைத்து வருகின்றன. அவற்றின் அனுபவத்தைக் கேட்டுப் பெறலாம்.

பணம்? ஜப்பானிய நிறுவனங்கள் ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் ஸ்ரீசிட்டியிலும் இந்தப்பக்கம் ஒரகடத்திலும் ஆலை வைத்திருக்கின்றன. அவற்றின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கைக் கேட்கலாம். ஐந்தாண்டுகளில் ஐந்து லட்சம் பேர் இரு நாடுகளுக்கும் இடையே போய்வர வேண்டும் என்று இந்தியாவும் ஜப்பானும் 2025 ஆகஸ்டில் இலக்கு வைத்தன. அந்தக் கணக்கில் ஐ.டி. பொறியாளர்கள் மட்டும் இருந்தால் போதாது. மொழிப் பயிற்சிக்குச் சென்னையில் ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் இருக்கிறது. அதன் ஆசிரியர்கள் வாரம் இருமுறை பக்கத்து ஊரான பொன்னேரிக்கு வந்தால் ஆறு மாதத்தில் பிள்ளைகள் பேசிவிடுவார்கள். வினைச்சொல் கடைசியில் வரும் மொழி தமிழனுக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. பதிலுக்கு, ஜப்பானியப் பிள்ளைகள் வந்து தங்கவும் ஏரிக்கரை வீடுகளைக் கேட்க வேண்டும். தங்கவைக்கும் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும். பள்ளிக்கல்வித் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து, வரும் கல்வியாண்டிலேயே பத்துப் பேரோடு தொடங்கட்டும். அந்தப் பத்துப் பேருக்கும் பாஸ்போர்ட் எடுக்கும் வேலையை இந்த மாதமே ஆரம்பிக்கலாம்.