புறவாசலில் ஒரு தனிக்கிணறு

சென்ற ஆண்டு என் பெரியப்பா மகள் வீட்டுப் புறவாசலில் நீச்சல்குளம் கட்டினார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் நீச்சல்குளம். நீருக்காகக் குழி தோண்டுவது மட்டும் எங்களுக்குப் புதிதல்ல. பெரியப்பா கோவில்பட்டி பக்கத்துக் கரிசல்காடுகளில் முப்பது ஆண்டுகள் கிணறு வெட்டியவர். வெடி வைத்துப் பாறை உடைத்து, கல்லையும் மண்ணையும் கூடையில் மேலேற்றி, ஊற்றுக்கண் திறக்கும்வரை அவர் தேவைப்படுவார். தண்ணீர் ஊறத் தொடங்கியதும் கூலியைக் கொடுத்து மேலே ஏறச் சொல்லிவிடுவார்கள். அவர் வெட்டிய ஒரு கிணற்றில்கூட அவருடைய பிள்ளைகள் இறங்கிக் குளித்ததில்லை. சாதியும் நீர்நிலைகளும் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிற எனக்கும் நீச்சல் தெரியாது.

குளம் எழும்பிய இரண்டரை மாதமும் அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். முதல் படத்தைப் பார்த்ததுமே பெரியப்பா, "இது நம்ம ஊர் மண்ணுல்ல!" என்றார். உண்மைதான். டாலஸைச் சுற்றியுள்ள நிலமும் கரிசல்தான். மழையில் ஊதிப் பெருத்து, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் குளத்தைச் சும்மா உட்காரவைத்தால் விரிசல் விட்டுவிடும் என்பதால் ஆழத்தில் காங்கிரீட் தூண்கள் இறக்கினார்கள். பிறகு கிண்ணம் போலக் கம்பி கட்டி, குழாய் வழியாகக் காங்கிரீட்டைப் பீய்ச்சி அடித்து, நாள்தோறும் தண்ணீர் காட்டி இறுகவைத்தார்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். குளத்தைச் சுற்றி நான்கடி உயர வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, நகராட்சி அனுமதி, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி என்று ஏகப்பட்ட காகிதங்கள். கொள்ளளவு சுமார் 70 ஆயிரம் லிட்டர். குழாயைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அப்போது பெரியப்பா, "ஊத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஊற்று கிடையாது என்றதும், "அப்ப தண்ணி செத்துல்ல போகும்" என்றார்.

சாகாமல் இருக்கத்தான் குளோரின். நீரின் காரத்தன்மை ஏறாமல் இருக்க ஆசிட். அங்கே கடையில் 'மியூரியாட்டிக் ஆசிட்' என்று விற்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது பழைய பெயர். அக்கா அனுப்பிய படத்தில் அந்தக் குடுவையைப் பார்த்ததும் எனக்கு 1964 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூன் 18ஆம் தேதி புளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின் ஊரில், வெள்ளையருக்கு மட்டுமான ஒரு விடுதியின் நீச்சல்குளத்தில் கறுப்பினப் போராளிகளும் வெள்ளையினப் போராளிகளும் சேர்ந்து குதித்தார்கள். விடுதி நடத்தியவர் அந்தக் குளத்தில் ஊற்றியது இதே ஆசிட்டைத்தான். குளத்துக்குள் இருந்தவர்கள் அலறும் புகைப்படம் உலகமெங்கும் வெளியானது. மறுநாள்தான் அமெரிக்க செனட் சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது.

அமெரிக்காவில் புறவாசல் நீச்சல்குளம் பெருகிய வரலாற்றை இதிலிருந்து பிரிக்க முடியாது. ஒரு காலத்தில் அங்கே நகராட்சிகள் பிரம்மாண்டமான பொதுக்குளங்களைக் கட்டின. செயின்ட் லூயி நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நீந்தலாம். 1949 ஜூன் 21 அன்று முதன்முறையாகக் கறுப்பினச் சிறுவர்களை அதில் இறங்கவிட்டார்கள். அன்றே வெள்ளையர் கூட்டம் திரண்டு கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கியது. நீதிமன்றம் தலையிட்டு எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு வெள்ளையர்கள் வருவதையே நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் குளம் மூடப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் அந்தச் சிரமமும் படவில்லை. கறுப்பினத்தவரைச் சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்ததும் நகராட்சிக் குளங்களை மூடிவிட்டது. 1971இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள், இருவருக்கும்தானே மூடியிருக்கிறது, இதில் பாகுபாடு எங்கே என்ற பொருளில் தீர்ப்பளித்தார்கள். நான்கு பேர் மறுத்தார்கள்.

வெள்ளையர்கள் குளியலை விட்டுவிடவில்லை. புறநகரில் உறுப்பினர்களுக்கு மட்டுமான மன்றக் குளங்களைக் கட்டினார்கள். வசதி இருந்தவர்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். காங்கிரீட் பீய்ச்சும் தொழில்நுட்பம் வந்ததும், கடன் எளிதாகக் கிடைத்ததும் காரணங்கள்தான். ஆனால் அந்தக் கடனும் அந்தப் புறநகரும் யாருக்குக் கிடைத்தன? விளைவு இன்றும் சாவுக் கணக்கில் தெரிகிறது. நீச்சல்குளங்களில் மூழ்கி இறக்கும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளில், கறுப்பினப் பிள்ளைகளின் இறப்பு விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிட 7 மடங்குக்கும் மேல்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் அறியாத ஒன்றைச் சொன்னாள். அவர்கள் குடியிருப்பிலேயே பொதுக்குளம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடை விருந்துக்கு இந்தியக் குடும்பங்கள் அங்கே கூடியபோது அத்தானும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கியிருக்கிறார். ஒருவர் தோளில் கை போட்டு, முதுகைத் தடவி, "எங்கே காணோம்?" என்று சிரித்திருக்கிறார். காணாமல் போனது பூணூல். பிறகு சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேள்விகள். அடுத்த விருந்துக்கு அழைப்பு வரவில்லை. பிள்ளைகள் காரணம் கேட்டிருக்கிறார்கள்.

"சட்டையக் கழட்டுறதுக்கு யார்கிட்டயும் பதில் சொல்லக் கூடாதுன்னுதான் தம்பி இத வெட்டுனோம்" என்றாள்.

வெள்ளைக்காரன் கறுப்பினத்தவரோடு ஒரே நீரில் இறங்க மறுத்துக் கட்டியதும், அக்கா சாதி விசாரணையிலிருந்து தப்பிக்கக் கட்டியதும் ஒன்றல்ல. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இது தனிக்கிணறுதான். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாத்துக்குப் போனது தாகத்துக்காக அல்ல. அந்தக் குளத்து நீரைக் குடிக்காமல் நாம் செத்துவிட மாட்டோம், நாமும் மனிதர்கள் என்று நிறுவவே போகிறோம் என்பதை அவரே விளக்கினார். சவுதார் குளத்தில் கை வைத்த பிறகு அதைச் சாணியும் கோமியமும் பாலும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அவர் கேட்டது இன்னொரு குளத்தை அல்ல. அந்தக் குளத்தையே கேட்டார். நம் பக்கத்தில் அன்றிலிருந்து இன்றுவரை, உரிமையைக் கேட்டால் கிடைப்பது தனிக்கிணறு, தனித்தொட்டி, தனிச்சுடுகாடு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டதும் அப்படித் தலித் மக்களுக்கென்று தனியாகக் கட்டிய மேல்நிலைத் தொட்டியில்தான். தனியாக இருப்பது பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. "தனிக்கிணறு அவங்க வெட்டிக் குடுத்தா அவமானம். நாமளே வெட்டிக்கிட்டா?"

அவள் வீட்டுக்கு மட்டும் அது சரியான பதில். எங்கள் தெருவுக்கு அல்ல. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்க இன்றும் நீர் இல்லை. பம்புசெட் கிணறுகள் பட்டா நிலத்தில் இருக்கின்றன. கைவிட்ட கல்குவாரிக் குழிகள்தான் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கோடை விடுமுறையில் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள், சிலர் திரும்பி வருவதில்லை. பொதுக் கிணற்றையும் குளத்தையும் படித்துறையையும் தடுப்பது வன்கொடுமை என்று 2015இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பொதுவாக எதுவுமே மிஞ்சாத ஊரில் அந்தச் சட்டத்தை எந்த நீரில் போய்ப் பயன்படுத்துவது? ஜாக்சன் நகரம் ஆணை போட்டு மூடியதை, நாம் ஊருணியைத் தூர்த்தும் கிணற்றைப் பட்டாவுக்குள் விட்டும் ஓசையில்லாமல் முடித்துவிட்டோம். ஒன்றியத்துக்கு ஒரு பொது நீச்சல்குளம், அதில் பெண் பயிற்றுநர்கள், பள்ளி நேரத்திலேயே பயிற்சி என்று நாம் கேட்க வேண்டும். அதை ஊர்த்தெருவில் கட்டினால் நம் பிள்ளைகள் போக முடியாது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் நம் தெருவில் கட்டட்டும், ஊர்ப் பிள்ளைகள் வரட்டும்.

அக்கா நாற்பத்தொரு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஆழமில்லாத பக்கம்தான்.

குளம் நிரம்பிய அன்று பெரியப்பா போனில் ஒன்று சொன்னார்: "வெட்டுனவங்கள மொதல்ல எறங்கச் சொல்லு." அக்கா மேற்பார்வையாளரிடம் கேட்டாள். காப்பீட்டு விதிப்படி வேலையாட்கள் வாடிக்கையாளர் குளத்தில் இறங்கக் கூடாதாம். அந்த நால்வருக்கும் குளிர்பானம் கொடுத்து அனுப்பிவைத்தாள். பெரியப்பாவுக்கு அது சமாதானமாகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோதும் முதலில் அதைத்தான் கேட்டார், எறங்குனாங்களா என்று.