செயலியா, உலாவியா? முடிவு செய்வது யார்?

புது தில்லி: நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய செல்லிடப்பேசியிலும் "சஞ்சார் சாத்தி" செயலியை முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு, ஐந்தே நாள்களில், டிசம்பர் 3-ஆம் தேதி கைவிடப்பட்டது. குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய வாரம் அது. இது வேவு பார்க்கும் முயற்சி என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. விரும்பாதவர்கள் செயலியை நீக்கிவிடலாம் என்று முதலில் விளக்கம் அளித்த அரசு, பின்னர் கட்டாயத்தையே விலக்கிக்கொண்டது.

அத்துடன் சர்ச்சை ஓய்ந்தது. ஆனால், அந்த விவாதத்தில் உரிய கவனம் பெறாத உண்மை ஒன்று உண்டு. "சஞ்சார் சாத்தி" என்பது 2025 ஜனவரியில்தான் செயலியாக வந்தது. அதே பெயரில் இணையதளம் 2023 மே மாதம் முதலே இயங்கி வருகிறது. தொலைந்துபோன செல்லிடப்பேசியை முடக்குவது, நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று அறிவது, மோசடி அழைப்புகள் குறித்துப் புகார் அளிப்பது ஆகிய அனைத்தையும் அந்த இணையதளத்திலேயே செய்ய முடியும். செல்லிடப்பேசியில் உள்ள உலாவியை, அதாவது பிரவுசரைத் திறந்தாலே போதும்.

அப்படியிருக்க, செயலியைக் கட்டாயமாக்க வேண்டிய தேவை என்ன? இந்தக் கேள்வி ஓர் உத்தரவோடு முடிந்துவிடுவதல்ல. குடிமகனுக்கும் அரசுக்கும், நுகர்வோருக்கும் நிறுவனத்துக்கும் இடையே வாசலாக இருக்கப்போவது எது, அந்த வாசலின் சாவி யாரிடம் இருக்கும் என்ற பெரிய கேள்வியின் ஒரு பகுதியே இது.

உலாவிக்கு வந்த புதிய ஆற்றல்

உலாவி என்றால் செய்தி படிக்கவும் தகவல் தேடவும் மட்டுமே பயன்படும் என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. உண்மை நிலை வேறு. 2015-ஆம் ஆண்டில் குரோம் உலாவியில் "சர்வீஸ் வொர்க்கர்" என்ற வசதி சேர்க்கப்பட்டது. இணையப் பக்கத்தின் தேவையான பகுதிகளைச் செல்லிடப்பேசியிலேயே சேமித்து வைத்து, இணைப்பு இல்லாதபோதும் அதைத் திறக்கச் செய்வது இதன் பணி. அதே ஆண்டில், செயலிகளைப் போலவே இணையதளங்களும் பயனாளருக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி வந்தது. இத்தகைய இணையதளங்களைத் திரையின் முகப்பில் ஒரு சின்னமாக வைத்துக்கொள்ளவும் முடியும். "ப்ரோக்ரஸிவ் வெப் ஆப்" என்ற பெயர் இவற்றுக்குச் சூட்டப்பட்டது. தமிழில் இணையச் செயலி எனலாம்.

கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றைப் பயனாளரின் அனுமதியுடன் உலாவியே பயன்படுத்துகிறது. காணொலி உரையாடலும் உலாவியில் நடக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகை அல்லது முக அடையாளத்தைக் கொண்டு இணையதளத்தில் நுழைவதற்கான பொது விதிமுறை 2019-இல் இறுதி வடிவம் பெற்றது. விண்ணப்பம் நிரப்புவது, ஆவணத்தைப் படமெடுத்து அனுப்புவது, புகாரின் நிலையை அறிவது, நினைவூட்டல் பெறுவது என அரசுச் சேவைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் செயலி தேவையில்லை என்ற நிலை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

இந்த மாற்றத்தின் முதல் பெரிய சோதனைக் களங்களில் ஒன்று இந்தியா என்பது குறிப்பிடத்தக்கது. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளிப்கார்ட் நிறுவனம் தனது செல்லிடப்பேசி இணையதளத்தை மூடி, வாடிக்கையாளர்களைச் செயலிக்குத் திருப்பியது. அதன் துணை நிறுவனமான மிந்த்ரா இன்னும் ஒரு படி மேலே சென்று, செயலி வழியாக மட்டுமே விற்பனை என்று அறிவித்தது. ஆனால், குறைந்த நினைவகம் கொண்ட கருவியும் மெதுவான இணைப்புமே பெரும்பாலோருக்கு வாய்த்திருந்த நாட்டில் இந்தக் கணக்கு பொய்த்தது. அதே ஆண்டு நவம்பரில் "பிளிப்கார்ட் லைட்" என்ற இணையச் செயலியுடன் அந்நிறுவனம் உலாவிக்குத் திரும்பியது. மிந்த்ராவும் 2016-இல் இணையதளத்தை மீண்டும் திறக்க நேர்ந்தது. 2017-இல் வந்த ஜியோபோன் இயங்கிய "கய் ஓஎஸ்" மென்பொருளும், அதில் ஓடிய செயலிகளும்கூட இணையப் பக்கங்களுக்கான தொழில்நுட்பத்தில் உருவானவையே.

சாவி யாரிடம்?

தொழில்நுட்பம் இவ்வளவு முன்னேறிய பின்னரும் செயலிகளின் ஆதிக்கம் ஏன் குறையவில்லை? காரணம் பெரும்பாலும் வணிகம் சார்ந்தது.

2007-இல் ஐபோனை அறிமுகப்படுத்திய ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், வெளியார் மென்பொருள்கள் உலாவி வழியாகவே இயங்கட்டும் என்றுதான் முதலில் கூறினார். மறு ஆண்டே ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அதன் பிறகு, செயலிக்குள் நடக்கும் டிஜிட்டல் விற்பனையில் 15 முதல் 30 சதவீதம் வரை கடை உரிமையாளருக்குத் தரகாகச் செல்லும் முறை நிலைபெற்றது. கூகுளின் பிளே ஸ்டோரும் அதே வழியில் நடந்தது. இணையதளத்தில் நேரடியாக நடக்கும் விற்பனைக்கு இந்தத் தரகு கிடையாது. உலாவி வலுவடைந்தால் யாருக்கு இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஐபோனில் எந்த நிறுவனத்தின் உலாவியை நிறுவினாலும், அதன் உள்ளே இயங்க வேண்டியது ஆப்பிளின் "வெப்கிட்" இயந்திரமே என்பது விதி. எனவே, ஆப்பிள் தர மறுக்கும் வசதியை வேறு எந்த உலாவியும் அங்கே தர இயலாது. ஆண்ட்ராய்டில் 2015-இலேயே வந்த இணையதள அறிவிப்பு வசதி, ஐபோனுக்கு 2023 மார்ச்சில்தான் வந்தது. அதுவும் முகப்புத் திரையில் சேர்க்கப்பட்ட இணையச் செயலிகளுக்கு மட்டும். 

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சில் இந்த விதியைத் தளர்த்தியது. அதற்கு முன்னதாக, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஐரோப்பாவில் முகப்புத் திரை இணையச் செயலிகளையே நீக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும், மார்ச் 1-ஆம் தேதி அந்த முடிவைக் கைவிட்டது. ஜப்பானில் 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டமும் அங்கே வேறு இயந்திரங்களுக்கு வழிதிறந்தது. சட்டம் இருந்த இடத்தில் மட்டுமே கதவு திறந்தது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இந்தியா கண்ட பாடம்

ஐரோப்பாவில் ஆப்பிள் பின்வாங்கிய அதே 2024 மார்ச் 1-ஆம் தேதி, இங்கே கூகுள் நிறுவனம் கட்டணத் தகராறில் இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியும் அவற்றுள் ஒன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறுவனங்களின் மனுக்கள் தள்ளுபடியாகி, இடைக்கால நிவாரணம் அளிக்க உச்ச நீதிமன்றமும் மறுத்த பின்னர் எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டுப் பேச்சு நடத்திய பிறகே செயலிகள் திரும்ப இடம்பெற்றன. இதற்கு முன்பு, 2020 செப்டம்பரில் பேடிஎம் செயலியும் சில மணி நேரம் நீக்கப்பட்டதுண்டு. கடையில் செயலி காணாமல் போன அந்த நாள்களிலும் பாரத் மேட்ரிமோனியின் இணையதளம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரை வேறு எவருடைய அனுமதியும் இன்றிச் சந்திக்கக்கூடிய இடமாக எஞ்சியிருந்தது உலாவியே.

உலாவியும் முற்றிலும் சுதந்திரமான களம் என்று கூறிவிட முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20-ஆம் தேதி கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தபோது, தனது ஆதிக்க நிலையைப் பயன்படுத்தி குரோம் உலாவியின் இடத்தை அந்நிறுவனம் பாதுகாத்துக்கொண்டது என்பதையும் ஒரு குற்றமாகக் குறிப்பிட்டது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால், ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை ரத்து செய்தது. முன்கூட்டியே நிறுவப்பட்ட செயலிகளைப் பயனாளர் நீக்குவதைக் கூகுள் தடுக்கக் கூடாது என்ற கட்டளை அந்த நான்கில் ஒன்று. தனியார் நிறுவனம் திணிக்கும் செயலியை நீக்கும் உரிமை இப்படிக் கைநழுவிய நாட்டில், இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அரசே ஒரு செயலியைத் திணிக்க முயன்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிடப்பில் உள்ள வரைவு

ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதித்துறை நாடாளுமன்ற நிலைக்குழு 2022 டிசம்பரில் அளித்த அறிக்கை, பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கெனத் தனிச் சட்டம் தேவை என்று பரிந்துரைத்தது. குற்றம் நடந்த பிறகு பல ஆண்டுகள் விசாரிப்பதால் பயனில்லை. முன்னரே விதிகளை வகுக்க வேண்டும் என்பது அதன் வாதம். இதையடுத்து அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கையும், டிஜிட்டல் போட்டிச் சட்ட முன்வரைவும் 2024 மார்ச்சில் வெளியாயின. அந்த வரைவு பட்டியலிட்ட முக்கிய டிஜிட்டல் சேவைகளில் தேடுபொறி, இயக்க மென்பொருள் ஆகியவற்றுடன் உலாவியும் இடம்பெற்றுள்ளது. இயல்பாக அமைக்கப்பட்ட தெரிவுகளைப் பயனாளர் மாற்றிக்கொள்ளவும், வெளியார் செயலிகளை நிறுவிக்கொள்ளவும் இடமளிக்க வேண்டும் என்கிறது வரைவு. ஆனால், 2025-ஆம் ஆண்டு முடியும்வரை அது மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களையே அது முடக்கிவிடும் என்ற எதிர்ப்பும் தொழில் துறையின் ஒரு பகுதியிலிருந்து எழுந்துள்ளது.

மறுபுறம், உள்நாட்டு உலாவி ஒன்றை உருவாக்க மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-இல் போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் ஸோஹோ நிறுவனத்தின் "உலா" முதல் பரிசான ரூ.1 கோடியை வென்றது. தமிழ்ப் பெயர் தாங்கிய உலாவி தேசியப் பரிசு பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், "உலா"வும் கூகுள் முன்னின்று வளர்க்கும் "குரோமியம்" என்ற பொது அடித்தளத்தின் மீதே கட்டப்பட்டது. ஐபோனுக்குச் சென்றால் அதுவும் வெப்கிட் விதிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பரிசுத் தொகையால் மட்டும் தீரும் சிக்கல் அல்ல இது.

எதிர்வாதங்கள்

செயலிக்கு ஆதரவான வாதங்களையும் புறந்தள்ள இயலாது. யுபிஐ பணப் பரிமாற்றத்தில் வங்கிக் கணக்கும் சிம் அட்டையும் கருவியும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. இந்தப் பிணைப்பைச் செயலியால்தான் செய்ய முடிகிறது. அரசு இணையதளம் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கங்களில் ஏமாறுவோர் ஏராளம். போலிச் செயலிகளும் உண்டு என்றாலும், கடையில் ஓரளவுக்கேனும் சோதனை நடக்கிறது.

உலாவி எல்லாருக்கும் எட்டிவிடும் என்பதும் மிகையே. 2021-இல் கரோனா தடுப்பூசிக்கு "கோவின்" இணையதளத்தில் முன்பதிவு செய்வது 18 முதல் 44 வயதினருக்குக் கட்டாயம் என்றிருந்தபோது, கருவியும் இணைப்பும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அதன் பிறகே நேரில் சென்று தடுப்பூசி பெறும் வழி அகலத் திறந்தது. செயலிக்கு மாற்று உலாவி என்றால், உலாவிக்கும் மாற்றாக ஓர் அலுவலகச் சாளரம் இருந்தாக வேண்டும்.

ஆயினும், இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு மறைந்துவிடாது. இணையதளத்தை மூடிவிட்டால் பொதுவாக அதன் பணி முடிந்தது. அறிவிப்பு அனுப்ப அனுமதித்திருந்தாலும் அதை உலாவியிலேயே விலக்கிக்கொள்ளலாம். அழைப்புப் பதிவுகளையோ குறுஞ்செய்திப் பெட்டியையோ படிக்க உலாவி எந்த இணையதளத்தையும் விடுவதில்லை. செயலியோ கருவியில் குடியிருக்கிறது. சஞ்சார் சாத்தியின் ஆண்ட்ராய்ட் பதிப்பு அழைப்பு மற்றும் குறுஞ்செய்திப் பதிவுகளுக்கான அனுமதியைக் கேட்டதே அச்சத்துக்கு முக்கியக் காரணமானது. அரசின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். நோக்கத்தை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பது வேறு. வாசலில் நின்று பேசிவிட்டு அனுப்புவது வேறு.

எனவே, நாடாளுமன்றத்தின் முன் இப்போது உள்ள பணி தெளிவானது. செயலி வழியாக அளிக்கப்படும் எந்த அரசுச் சேவையும், தொழில்நுட்பக் காரணத்தால் இயலாது என்று எழுத்துபூர்வமாக விளக்கப்பட்டாலன்றி, உலாவியிலும் அதே முழுமையுடன் கிடைக்க வேண்டும் என்று விதி செய்யலாம். எந்தச் செயலியையும், தனியாருடையதாயினும் அரசுடையதாயினும், நீக்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதலாம். கிடப்பில் உள்ள டிஜிட்டல் போட்டி வரைவில் உலாவிக்கான பகுதியை மட்டுமாவது தனியே எடுத்து விவாதிக்கலாம்.

சஞ்சார் சாத்தி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது அரசியல் எதிர்ப்பினால். அதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இருந்ததனால் அல்ல. அடுத்த உத்தரவு கூட்டத்தொடர் நடக்காத மாதம் ஒன்றில் வந்தால், கேள்வி கேட்க அவை கூடியிருக்காது. அதற்கு முன் சட்டம் வருமா என்பதே கேள்வி.